வீட்டு நாய்க்குத் துணையாக இன்னொரு நாய்: எதை எடுப்பது, எப்படிச் சேர்ப்பது?

கறுப்புமூக்கு:

வணக்கம். வீட்டில் 4 வயது லாப்ரடார் ஆண் இருக்கிறான். 32 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. வேலை நாட்களில் 7 மணி நேரம் தனியாக இருக்கிறான். நாங்கள் கிளம்பியதும் குரைக்கிறான், கதவு நிலையைக் கடித்து வைக்கிறான். துணைக்கு ஒரு நாய் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள்.

குட்டியா, வளர்ந்ததா? ஆணா, பெண்ணா? லாப்ரடாரே எடுக்கலாமா, வேறு இனமா? ஒரே ஈற்றில் பிறந்த 2 குட்டிகளாக எடுத்தால் அவை தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும், மூத்தவனுக்குத் தொல்லை குறையும் என்றும் வீட்டில் ஒரு யோசனை ஓடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாற்கால்நேசன்:

எந்த நாய் என்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள் நண்பரே. அவன் தவிப்பது நாய்த் துணை இல்லாமலா, நீங்கள் இல்லாமலா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மருந்து வேறு.

பழைய கைபேசி ஒன்றைக் கதவைப் பார்த்தபடி வைத்து, நீங்கள் கிளம்பியதிலிருந்து முதல் 40 நிமிடத்தைப் பதிவு செய்யுங்கள். பிரிவுப் பதற்றம் உள்ள நாய் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். நிற்காமல் மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருக்கும், ஊளையிடும், பழக்கமான இடத்தை விட்டு எங்கோ சிறுநீர் கழிக்கும். வைத்துவிட்டுப் போன தின்பண்டத்தைத் தொடாது. நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் அதைத் தின்னும். இந்தக் கடைசி அறிகுறியை மட்டும் கவனமாகப் பாருங்கள். பதற்றத்தில் இருக்கும் நாய்க்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வகை என்றால் இரண்டாவது நாய் வந்தும் பெரும்பாலும் எதுவும் மாறாது. அதன் கட்டு மனிதரோடு. பக்கத்தில் இன்னொரு நாய் படுத்திருந்தாலும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக வந்தது இளசாக இருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து குரைக்கக் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட நாயை முதலில் தனிமைக்குப் பழக்க வேண்டும். சில நொடிகளில் தொடங்கி, அது பதறாத அளவுக்குள்ளேயே நேரத்தை மெல்ல நீட்டிக்கொண்டு போவதுதான் வழி. கடுமையாக இருந்தால் மருத்துவர் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்.

சலிப்பு என்றால் படம் வேறு மாதிரி இருக்கும். கொஞ்சம் குரைப்பு, ஒரு சுற்று, தூக்கம், வெளியே சத்தம் கேட்டால் மறுபடி குரைப்பு, அலுத்துப்போய் எதையாவது கடிப்பது. இந்த நாய்க்குத் துணை உதவலாம். ஆனால் காலையில் 40 நிமிடம் மோப்பம் பிடிக்க விட்டு நடத்திச் செல்வதும், உணவைக் கிண்ணத்தில் போடாமல் தேடித் தின்ன வைப்பதும் அதே அளவு உதவும். இவற்றைச் செய்து பார்க்காமல் இன்னொரு உயிரைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. முதல் நாயிடம் இருக்கும் ஒவ்வொரு கெட்ட பழக்கமும் இரட்டிப்பாகும். லீஷை (நடத்திச் செல்லும் கயிற்றை) இழுப்பது, வாசல்மணிக்குப் பாய்வது, கூப்பிட்டால் வராதது, எல்லாம்தான். கூப்பிட்டால் வருவது, "விடு", "உன் இடத்துக்குப் போ" ஆகிய மூன்றும் மற்ற நாய் எதிரில் இருக்கும்போதும் 10க்கு 8 முறை நடக்கும் வரை காத்திருங்கள்.

ரெண்டுகிண்ணம்:

மேலே சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். அடுத்தது உங்க பையனைப் படிக்கிறது. இனம், நிறம், முகம் எல்லாம் அதுக்கப்புறம்தான். அவன் மற்ற நாய்களோட எப்படி விளையாடுறான்னு தெரியாம துணை தேட முடியாது.

தெரிஞ்ச நாய்கள் நாலஞ்சோட, தனித்தனியா, திறந்த வெளியில விட்டுப் பாருங்க. ஒவ்வொண்ணும் வேற வேற வயசு, அளவு, பால். மல்லுக்கட்டுறானா, துரத்துறானா, துரத்த விட்டு ஓடுறானா, கயிறு இழுக்கிறானா? லாப்ரடார்கள் பெரும்பாலும் உடம்பை மோதி விளையாடும். மந்தை மேய்க்கிற இனங்கள் ஓடுறதைச் சுத்தி வளைச்சு குதிகாலைக் கவ்வும். வேட்டைக்கு ஓடுற மெலிஞ்ச இனங்களுக்கு ஓட்டம்தான் உயிர், மேல விழுந்தா பிடிக்காது. மோதுறவனுக்கு ஓடுறவளைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. பக் மாதிரி தட்டை மூக்கு நாய்களோட கொர்கொர் மூச்சை உறுமல்னு தப்பா எடுத்துக்கிற நாய்களும் உண்டு.

நல்ல விளையாட்டுல உடம்பு வளைஞ்சு தளர்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும். முன்னங்காலை நீட்டிக் குனிஞ்சு பின்பக்கத்தைத் தூக்கும். துரத்தினது அடுத்த சுத்துல துரத்தப்படும். பெருசு தானா மல்லாந்து சின்னதுக்கு விட்டுக்கொடுக்கும். முக்கியமா, நடுநடுவுல ரெண்டும் பிரிஞ்சு உடம்பை உதறி, தரையை மோந்து, மறுபடி சேரும். இந்த இடைவெளியே இல்லாம வேகம் ஏறிக்கிட்டே போனா நீங்க நிறுத்தணும்.

சந்தேகம் வந்தா சுலபமான சோதனை: அதிகமா மேல விழுற நாயைப் பிடிச்சு 5 நொடி நிறுத்துங்க. மத்தது திரும்பி வந்து வம்புக்கு இழுத்தா அதுக்கும் விளையாட்டு பிடிச்சிருக்கு. விட்டாப் போதும்னு விலகிப் போனா, அது அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கு.

அப்புறம், மற்ற நாய் கிளம்பிப் போனதும் உங்க நாய் என்ன செய்யுதுன்னு பாருங்க. வாசலையே பார்த்து நிக்குதா? அப்பாடான்னு போய்ப் படுத்துக்குதா? பார்க்ல பார்க்கிறப்போ சந்தோஷப்படுற நாய் எல்லாம் வீட்டுக்குள்ள இன்னொண்ணு வேணும்னு நினைக்கிறதில்ல. ஒரு வாரக் கடைசிக்கு நண்பர் வீட்டு நாயைத் தங்க வெச்சுப் பாருங்க. அந்த 2 நாள்ல, சாப்பாடு, சோபா, உங்க மடி இதெல்லாம் பங்கு போடுறப்போதான் உண்மை தெரியும்.

வெட்_பார்வை:

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு: ஒரே வீட்டு நாய்ச் சண்டைகளில் மருத்துவரிடம் வருபவை பெரும்பாலும் ஒரே பால் ஜோடிகள். அதிலும் இரண்டு பெண் நாய்களுக்கு இடையே மூண்ட சண்டைதான் காயத்திலும், சமாதானம் ஆகாமல் நீடிப்பதிலும் மோசமானது. உங்கள் வீட்டில் ஆண் இருப்பதால் பெண் எடுப்பது முதல் தேர்வு. ஆனால் இது சாய்வு மட்டுமே. குணம் ஒத்துப்போகும் ஆண், ஒத்துப்போகாத பெண்ணைவிட நல்லது.

வயது இடைவெளி குறைந்தது 2 ஆண்டுகள் இருக்கட்டும். நாய்கள் 1 முதல் 3 வயதுக்குள்தான் சமூக முதிர்ச்சி அடைகின்றன. குட்டியாக இருந்தபோது எல்லாம் விட்டுக்கொடுத்த நாய், இந்தக் காலத்தில் எலும்புக்கும் படுக்கைக்கும் எதிர்த்து நிற்கத் தொடங்கும். "ஒன்றரை வருடம் ஒற்றுமையாக இருந்தன, திடீரென்று அடித்துக்கொள்கின்றன" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். இரண்டுமே ஒரே வயதில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டத்துக்கு வரும்.

ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு வேண்டாம். அவை ஒன்றையொன்று மட்டுமே பற்றிக்கொண்டு வளர்ந்தால் மனிதரிடம் கவனம் குறைகிறது, பிரித்தால் கதறுகின்றன. இதைத் தவிர்க்கத் தனித்தனிப் படுக்கை, தனித்தனி நடை, தனித்தனிப் பயிற்சி என்று எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் அது நடக்காது. கூடவே, உடன்பிறந்தவை என்பது நாய்களுக்குத் தடையில்லை. ஆணும் பெண்ணுமாக இருந்தால் பெண் முதல் முறை பருவத்துக்கு வரும்போது இணைந்துவிடும். பல நாய்களுக்கு 6 மாதத்திலேயே பருவம் வரும்.

வயது வந்த பெண்ணை எடுத்தால் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் அடுத்த பருவத்துக்கு முன் முடித்துவிடுங்கள். பருவத்தின்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் பொதுவாக அது முடிந்து 2, 3 மாதம் கழித்தே செய்வார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஆண் நாய்க்கு அறுவை முடிந்த அன்றே ஆபத்து நீங்காது. உடலில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரங்கள் சினைப்படுத்த முடியும். 6 வாரம் பிரித்தே வைப்பது பாதுகாப்பு.

மோப்பக்காரி:

குட்டியா வளர்ந்ததா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் வளர்ந்த நாய் பக்கம். 2 வயது தாண்டிய நாயின் அளவு, சுபாவம், மற்ற நாய்களோடு பழகும் விதம் எல்லாம் ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. குட்டியில் அது எதுவும் தெரியாது. 10 வாரக் குட்டி யாரோடும் ஒட்டிக்கொள்ளும். அதை வைத்து ஒன்றரை வயதில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

7 மணி நேரம் ஆளில்லாத வீடு குட்டிக்கு ஏற்றதும் அல்ல. 3 மாதக் குட்டியால் பகலில் 3, 4 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மூத்த நாய் அதற்குத் தாதியும் அல்ல. அதோடு தனியாக அடைத்து வைப்பது இரண்டுக்கும் கஷ்டம்.

நாற்கால்நேசன்:

மோப்பக்காரி சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒரு விதிவிலக்கு மட்டும் சேர்க்கிறேன். சில நாய்கள் வளர்ந்த அந்நிய நாயை வீட்டுக்குள் ஏற்காது, குட்டியை ஏற்கும். 4, 5 மாதம் வரை குட்டிக்குப் பெரிய நாய்கள் நிறைய சலுகை தரும். ஆனால் அந்தச் சலுகை காலாவதியாகும். அதற்குள் குட்டிக்கு மரியாதை தெரிந்திருக்க வேண்டும். ஆளிருக்கும் வீடு என்றால் குட்டியும் சரியான தேர்வுதான்.

குட்டி எடுப்பவர்கள் 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்ததை வாங்காதீர்கள். கடியின் வலுவை எங்கே நிறுத்துவது என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. 5 வாரத்தில் பிரித்து வந்த குட்டி, மூத்த நாயின் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கடிக்கும், மூத்தது "போதும்" என்று சொல்வது அதற்குப் புரியாது.

கறுப்புமூக்கு:

பதிவு செய்து பார்த்துவிட்டேன். முதல் 10 நிமிடம் குரைப்பு, அதன் பிறகு வைத்துப்போன தின்பண்டத்தைத் தின்றுவிட்டுத் தூக்கம். தெருவில் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து குரைக்கிறான். மதியத்துக்கு மேல் கதவு நிலையைக் கடிக்கிறான். மூச்சிரைப்போ எச்சிலோ இல்லை. மற்ற நாய்களோடு மல்லுக்கட்டுகிறான், போனபின் வாசலில் நின்று பார்க்கிறான். ஒரே ஈற்று யோசனையை விட்டுவிட்டோம். அளவு எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை? கண்டுபிடித்த பிறகு முதல் நாள் என்ன செய்வது?

ரெண்டுகிண்ணம்:

அப்போ சலிப்புதான். ஜன்னலோட கீழ்ப்பாதிக்குத் திரை போடுங்க, தெருவைக் காவல் காக்கிற வேலை அவனுக்குக் குறையும். மதியத்துக்கு மென்னு கடிக்க ஏதாவது கொடுத்துட்டுப் போங்க. கதவு நிலை தப்பிச்சுடும். இதை இப்பவே செய்யுங்க. துணை வந்தப்புறம் மெல்லுற பொருளை ரெண்டு பேர் நடுவுல விட்டுட்டுப் போக முடியாது.

அளவுக்கு நான் வெச்சிருக்கிற கணக்கு: சின்னது பெருசோட எடையில பாதிக்குக் கீழ போகக் கூடாது. உங்களுக்கு 16 கிலோவுக்கு மேல. 32 கிலோ நாய் விளையாட்டா மேல விழுந்தாலே 4 கிலோ நாய்க்கு எலும்பு முறியும். அதைவிடப் பயப்பட வேண்டியது வேற. சின்ன நாய் வலியில கீச்சுனு கத்திக்கிட்டு ஓடுறப்போ பெரிய நாய்க்குள்ள இருக்கிற வேட்டைப் புத்தி சட்டுனு விழிச்சுக்கும். அதுவரைக்கும் ரொம்ப சாதுவா இருந்த நாய்கூட கவ்வி உலுக்கிடும். அதுக்கு முன்னறிவிப்பா உறுமல்கூட வராது.

உங்களுக்கு: 2 வயசு, கருத்தடை ஆன பெண், 18ல இருந்து 30 கிலோ, மல்லுக்கட்டுல இஷ்டமுள்ளது, வேகம் உங்க பையனைவிட ஒரு படி கம்மி. கலப்பினமா இருந்தா என்ன, லாப்ரடாரா இருந்தா என்ன. உங்க பையன் போதும்னா விலகிக்கிற நாயாங்கறதைத்தான் பார்க்கணும்.

நாற்கால்நேசன்:

முதல் சந்திப்பை வீட்டில் வைக்காதீர்கள். உங்கள் நாய் தினமும் மூத்திரம் அடிக்கும் தெருவிலும் வேண்டாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத, அகலமான, நாய் நடமாட்டம் குறைந்த இடம் வேண்டும். நாய்க்கு ஒருவராக 2 பேர். காலருக்குப் பதில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), 2 மீட்டர் லீஷ். நீளம் சுருங்கி விரியும் லீஷ் வேண்டாம், சிக்கினால் விடுவிக்க முடியாது.

10 மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில், பக்கம் பக்கமாக நடங்கள். எதிரெதிராக அல்ல. நாய்க்கு நேருக்கு நேர் வருவது சவால். 10 நிமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டு, தரையை மோந்துகொண்டு, ஆளைத் திரும்பிப் பார்த்து நடக்கத் தொடங்கினால் இடைவெளியை 7, 5, 3 என்று குறையுங்கள். முறைத்துப் பார்த்துக் கல்லாகி நின்றால் மறுபடி அகலுங்கள். இடையில் இடம் மாற்றி, ஒன்று மூத்திரம் விட்ட இடத்தை மற்றது மோந்து பார்க்க விடுங்கள். பாதி அறிமுகம் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகுதான் நேர் சந்திப்பு. லீஷ் தளர்ந்து சிரிப்பு போல வளைந்து தொங்க வேண்டும். இறுக்கினால் நாயின் மார்பு நிமிரும், முன்னங்கால் பாரம் குறையும், எதிர் நாய்க்கு அது மிரட்டலாகத் தெரியும். 3 நொடி மோந்ததும் உற்சாகமான குரலில் அழைத்து, நடந்து, மறுபடி 3 நொடி. நன்றாகப் போனால் 5, 10. வேலியிட்ட இடம் கிடைத்தால் லீஷைத் தரையில் இழுபடும்படி விட்டுப் பாருங்கள். இதை வெவ்வேறு நாட்களில் 2, 3 முறை செய்யுங்கள். ஒரே சந்திப்பில் முடிவு செய்யாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில், அவன் விளையாட்டுப் பொருள், எலும்பு, கிண்ணம், படுக்கை எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். இருவரையும் வெளியே சேர்த்து நடத்திவிட்டு, அப்படியே நடந்தபடி ஒன்றாக உள்ளே நுழையுங்கள். அவனை உள்ளே வைத்துவிட்டு அவளை வாசல் வழியாக அழைத்து வருவதுதான் பலரும் செய்வது. வாசல் குறுகலான இடம், அவனுக்கு அது காவல் எல்லை, அங்கே உங்கள் பரபரப்பும் சேர்ந்துகொள்ளும்.

மோப்பக்காரி:

ஒரு திருத்தம் மட்டும். சந்திப்பின்போது பலர் ட்ரீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாய்க்கும் நடுவில் நிற்கிறார்கள். கூடாது. தள்ளி நின்று, அவரவர் நாய்க்கு அவரவர் கொடுப்பது சரி. மூக்கும் மூக்கும் தொடும் தூரத்தில் உணவு வந்தால் அங்கேயே சண்டை.

வாசனைப் பரிமாற்றம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். புதிய நாய் படுத்த துணியை 2, 3 நாள் முன்பே கொண்டுவந்து கூடத்தில் தரையில் போடுங்கள். அவன் படுக்கைமேல் போட வேண்டாம். மோந்துவிட்டு நகர்ந்தால் நல்லது.

முதல் மாதத்துக்கு இடுப்புயரத் தடுப்புக் கதவு ஒன்று கட்டாயம். ஒன்றையொன்று பார்க்க வேண்டும், மோக்க வேண்டும், தொட முடியக் கூடாது. நீங்கள் இல்லாத நேரம் இரண்டும் தனித்தனி அறை. இது குறைந்தது ஒரு மாதம், சந்தேகம் இருந்தால் மூன்று. காப்பகத்திலிருந்து வரும் நாய் முதல் சில நாட்கள் ஒடுங்கித்தான் கிடக்கும். அதன் உண்மையான சுபாவம் 2, 3 வாரத்தில்தான் எட்டிப் பார்க்கும், முழுதாக வெளிவர 3 மாதம் ஆகலாம். முதல் வாரம் "என்ன சமத்து" என்று நினைத்துத் தடுப்பை எடுத்துவிடுபவர்களுக்குத்தான் நான்காவது வாரம் தையல் போட வேண்டி வருகிறது.

வெட்_பார்வை:

சந்திப்புக்கு முன் மருத்துவப் பக்கத்தை முடியுங்கள். தடுப்பூசி வரலாறு தெரியாத நாயை 14 நாள் தனி அறையில், தனிக் கிண்ணம், தனி லீஷ், தனித் துடைப்பத்தோடு வையுங்கள். பார்வோ எனும் வைரஸ் குடல் நோய் பொதுவாக 3 முதல் 7 நாளில் வெளிப்படும், சிலவற்றில் 14 நாள்வரை ஆகும். கென்னல் காஃப் எனும் தொற்று இருமலுக்கும் 2 வாரம் வரை போகலாம். முதலில் வீட்டு நாய்க்கு வேலை செய்துவிட்டுப் பிறகு புதிய நாயிடம் போங்கள், திரும்பும்போது செருப்பு மாற்றுங்கள், கை கழுவுங்கள்.

பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். சோப்புக்கும் பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கும் சாகாது. வீட்டு பிளீச்சை 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் கழுவிய தரையில் ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே இருக்க விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது.

குட்டி என்றால் 16 வாரம் ஆகும் வரை 2 முதல் 4 வார இடைவெளியில் தொடர் ஊசிகள் முடிய வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சத்து முந்தைய ஊசிகளைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால் கடைசி ஊசிதான் முக்கியம். வளர்ந்த நாய்க்கு: மலப் பரிசோதனை, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்கும் ரத்தப் பரிசோதனை. சொறி இருந்தால் அது வீட்டு நாய்க்கும் உங்களுக்கும் தொற்றும் வகையா என்று தோலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். தெருவில் வாழ்ந்த நாய் என்றால் பிறப்புறுப்பில் ரத்தக் கசிவோ கட்டியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நக்குவதாலும் மோப்பதாலும்கூட நாய்க்கு நாய் பரவும் கட்டி ஒன்று உண்டு. பெரும்பாலும் மருந்தில் குணமாகிவிடும், ஆனால் கண்டுபிடிக்க வேண்டும்.

வாலாட்டி:

இடையில் ஒரு கேள்வி. 11 வயதுப் பெண் நாய், பின்னங்கால் மூட்டுவலி, காது கொஞ்சம் மந்தம். ஒரு குட்டி வந்தால் சுறுசுறுப்பாகும் என்கிறார்களே?

வெட்_பார்வை:

சில நாய்கள் சுறுசுறுப்பாகும். வலியுள்ள நாய்க்கு அந்த நம்பிக்கையில் குட்டி கொண்டுவருவது நியாயமில்லை. ஒவ்வொரு முறை குட்டி பின்பக்கம் விழும்போதும் அதற்குக் குத்தும். சில நாட்களில் குட்டி அருகில் வந்தாலே வலி வரும் என்று முடிவு செய்து, தொடுவதற்கு முன்பே கடிக்கத் தொடங்கும். காது மந்தம் என்றால் பின்னாலிருந்து வருவது தெரியாமல் திடுக்கிட்டும் கடிக்கும்.

முதலில் வலிக்கு மருத்துவம். 4 வாரம் கழித்து நடை, எழுவது, படுப்பது எப்படி என்று பாருங்கள். அதன் பிறகும் துணை வேண்டும் என்றால் 5 வயது தாண்டிய, அமைதியான ஆண் நாய். குட்டி நுழைய முடியாத ஒரு அறை, வழுக்காத விரிப்பு, குட்டியில்லாத ஒரு தனி நடை, இவை மூத்த நாயுள்ள எந்த வீட்டிலும் பேரத்துக்கு இடமில்லாதவை.

நாற்கால்நேசன்:

வந்தபின் எதைக் கவனிப்பது என்றும் எழுதிவிடுகிறேன். உறுமலைக் கண்டிக்காதீர்கள். உறுமல் நாய் உங்களுக்கும் மற்ற நாய்க்கும் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், கோபம் இருக்கும், அடுத்து நேராகக் கடிதான். உறுமியதும் மற்றது விலகியது என்றால் பேச்சு முடிந்தது, நீங்கள் தலையிட வேண்டியதில்லை. உறுமியும் மற்றது விலகவில்லை என்றால் விலகாததை நீங்கள் அழைத்துக்கொள்ளுங்கள்.

உறுமலுக்கு முந்தைய நிலையைப் பார்க்கப் பழகுங்கள். அவன் தன் படுக்கையில் இருக்கிறான், அவள் அந்தப் பக்கம் நடந்து வருகிறாள். மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். தலை அசையாது, கண் மட்டும் அவள் பக்கம் திரும்பி வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். உதட்டை ஒருமுறை நக்குவான். வால் அசையலாம், ஆனால் விறைப்பாக, உயரத்தில், சின்ன வீச்சில். இத்தனையும் 2 நொடிக்குள் நடந்து முடியும். பிடரி மயிர் சிலிர்ப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் கிளர்ச்சியாகவும் இருக்கலாம். வாய் மூடி உடல் உறைவதுதான் ஆபத்து. அந்த இடத்தில் ஓடிப்போய் நடுவில் விழாமல், அவளைச் சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள்.

சண்டை எழும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: வாசல், குறுகிய நடை, சோபா, கார், அடுப்படி, நீங்கள் வீடு திரும்பும் நிமிடம். சாப்பாடு மூடிய கதவுக்கு இருபுறம், 15 நிமிடம், பிறகு காலிக் கிண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் 3, படுக்கை 3, வெவ்வேறு இடத்தில். ஒன்று அதிகமாக இருப்பதால் யாரும் எதையும் மடக்கிப் பிடித்து உட்கார முடியாது.

சண்டை மூண்டால் காலரைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். மனிதருக்குக் கடி விழுவது அங்கேதான். தண்ணீர், கெட்டியான போர்வை, இடையில் செருகும் நாற்காலி அல்லது பலகை, தகரத் தட்டின் ஓசை. இவை பலிக்காமல், 2 பேர் இருந்தால், ஒரே நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடை மேற்பகுதியில் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி, வளைவாக நகர வேண்டும். நேராக இழுத்தால் பல் பதிந்த இடம் கிழியும். நகர்ந்துகொண்டே இருங்கள், நின்றால் திரும்பிக் கடிக்கும். பிரித்ததும் தனி அறைகள். அன்றைக்கே மறுபடி சேர்த்துப் பார்க்கக் கூடாது.

வெட்_பார்வை:

அதன் பிறகு மயிரை விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள். கோரைப்பல் போட்ட துளை வெளியில் சிறிதாகத்தான் தெரியும். உள்ளே தோலும் தசையும் பிரிந்து, 2 நாளில் சீழ் கட்டும். கழுத்து, மார்பு, வயிற்றில் எந்தத் துளை இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர். திடீரென்று பழைய நண்பர்கள் சண்டையிடத் தொடங்கினால் வலி, பல், காது, தைராய்டு எல்லாவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ரெண்டுகிண்ணம்:

கறுப்புமூக்கு, காப்பகத்துல பேசுறப்போ "நல்ல நாயா?"ன்னு கேட்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. இப்படிக் கேளுங்க: கிண்ணத்துக்கிட்ட வேற நாய் வந்தா என்ன செய்யும்? கூட எந்த அளவு நாய் இருக்கு? இதுக்கு முன்னாடி திருப்பிக் கொடுத்தாங்களா, எதுக்காக? மற்ற நாய் உறுமினா விலகுதா, எதிர்த்து நிக்குதா? ஒத்துப்போகலைன்னா எத்தனை நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்குவீங்க? அதை எழுத்துல வாங்கிக்கோங்க. முடிஞ்சா முதல்ல 3 வாரத்துக்குத் தற்காலிகப் பொறுப்புன்னு எடுங்க. ஒத்துப்போகாத வீட்டுல வருஷக்கணக்கா பயந்து வாழுறதைவிட திரும்பிப் போய் வேற வீடு கிடைக்கிறது அந்த நாய்க்கு நல்லது. அதுல வெட்கப்பட எதுவுமில்ல.

வந்தப்புறம் தினமும் ஒவ்வொருத்தருக்கும் தனியா 10 நிமிஷம் பயிற்சி, வாரத்துக்கு 3 நடையாவது தனித்தனியா. எப்பவும் ஜோடியாவே இருந்தா, ஒண்ணை மட்டும் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு மத்தது வீட்டை இடிச்சுடும். உணவை எடை போட்டே கொடுங்க. மிச்சத்தை மாத்தி மாத்திச் சாப்பிட்டு லாப்ரடார் ரெண்டு மாசத்துல 3 கிலோ ஏறிடுவான்.

கறுப்புமூக்கு:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. ஒருவரே இரண்டையும் சேர்த்து நடத்த, ஒரு லீஷில் 2 நாயை மாட்டும் இணைப்பு விற்கிறார்களே, அது சரிவருமா?

நாற்கால்நேசன்:

முதல் 3 மாதத்துக்கு வேண்டாம். ஒன்று பயந்து விலக நினைத்தாலும் மற்றதோடு கட்டப்பட்டிருக்கும். 2 தனி லீஷ், வெவ்வேறு நிறம், ஒன்று மற்றதைவிட 30 செ.மீ. நீளம். இரண்டையும் கையில் சுற்றிக்கொள்ளாமல், ஒவ்வொரு கைக்கும் ஒன்றாகப் பிடியுங்கள். அவன் இடப்பக்கம், அவள் வலப்பக்கம் என்று முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுங்கள். இரண்டும் தனியாக நடக்கும்போது இழுக்காமல் வரும் நிலை வந்த பிறகுதான் சேர்த்து நடத்த வேண்டும். அதுவரை இன்னொருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.